செருப்பில் ஓடிய வண்டி

ஆள் இல்லாமல் ஓடும் வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் கூடத்துக்குள் வந்த மத்தியானம் அவர்கள் அங்கே இருந்திருந்தால், உட்கார்ந்த பாயை நனைத்திருப்பார்கள். நான் நனைக்கவில்லை. என் சிறுவயது வீரச்செயல் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

அப்பா அப்போது ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு, பக்கத்தில் அத்தை படுத்துக்கொள்ளும் சின்ன அறை. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். மழைக்காலத்தில் கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி உரிமையோடு உள்ளே வந்துவிடும். சுவரில் மாட்டிய சாமி படம்கூடச் சில நேரம் மங்கலாகத்தான் தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எனக்கு இரண்டு மாமா. அத்தையின் புருஷன் லாரி மாமா. அம்மாவின் தம்பி, ஏற்காடு கடைவீதியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்தவர், ரேடியோ மாமா. இப்படிப் பிரித்து வைத்தது நான்தான். பெரியவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஏனென்றால் லாரி மாமா வீட்டில் இல்லை. அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே ஒருவருக்கும் தெரியாது.

அவர் எஸ்டேட் காப்பிக்கொட்டையைச் சேலத்துக்கு இறக்குகிற லாரியின் டிரைவர். வண்டியைக் கோயிலாக நினைப்பவர். ஏறியதும் செருப்பைக் கழற்றி ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம் மலை இறங்கியவர் சேலம் போய்ச் சேரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி ஓரமாக, ஒழுங்காக நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. செருப்பு ஸீட்டுக்கு அடியில் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை. பிறகு ஒருவர் அவரை ஓசூர் டீக்கடையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், புலி அடித்திருக்கும் என்றார். எங்கள் மலையில் புலி செத்து எத்தனையோ காலம் ஆயிற்று என்று அப்பா அவரைத் திட்டி அனுப்பினார். செருப்பை மட்டும் அப்பா எடுத்து வந்து அத்தையிடம் கொடுத்தார். அவள் அதைத் துடைத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அத்தைக்குச் சின்ன வயசுதான். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, புருஷன் இல்லை. கல்யாண வீட்டில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று கூப்பிட்டவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதனால் போவதையே விட்டுவிட்டாள். பகலில் எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை பொறுக்குவாள். சாயங்காலம் ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது கியர் மாற்றி மேட்டைத் தாண்டும் வரை அப்படியே நிற்பாள். மூன்று மழைக்காலம் இப்படியே போயிற்று.

முடிவு தெரியாத காரியம் என்றால் எங்கள் பக்கத்தில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். அத்தைக்காகச் சேர்வராயன் கோயிலில் கேட்டபோது அந்தச் சின்னப் பிள்ளை நான். குனிந்து போக வேண்டிய குகை. கூரையிலிருந்து கழுத்தில் ஜில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. 'காத்திருந்தது போதுமா' என்பது கேள்வி. வெள்ளை வந்தால் போதும், சிவப்பு வந்தால் இன்னும் இரு. எனக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு அரளி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். அந்த ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. சாமியே சொல்லிவிட்டது, இனி இந்த வீட்டில் வேறு பேச்சு கூடாது என்று மலை இறங்கும்போதே சொல்லிவிட்டார். வேறு பேச்சு என்றால் என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. அத்தை எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கை மட்டும் சில்லிட்டிருந்தது.

அதற்கு அடுத்த கோடையில்தான் பெட்டி வந்தது. எஸ்டேட் முதலாளியின் பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போய்விட்டார்கள். பங்களாவை ஒழித்தபோது, பிள்ளை இருக்கிற வீடு என்று எங்களுக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. ஒன்றின் தலையில் இன்னொன்றை வைத்து அழுத்தினால் 'டக்' என்று கடித்துக்கொள்ளும். பெட்டியின் அடியில், ஜீப் ஏறி நசுங்கிய ஒரு ரிமோட் கார் கிடந்தது. கார்தான் போயிற்று, அதன் மோட்டாரும் ரிமோட்டும் நன்றாக இருந்தன. இந்தக் கட்டைகளாலேயே பெரிய வண்டி ஒன்று கட்டி, இந்த மோட்டாரை வைத்து ஓட்டலாம் என்று ரேடியோ மாமா சொன்னார். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மாமா அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர். கட்டை வந்த பிறகு வியாழனும் வந்தார், செவ்வாயும் வந்தார். கடையில் வேலை இல்லையா என்று அப்பா கேட்டதற்கு, மழைக்கு முன்னால் ரேடியோ கெட்டுப்போகாதுங்க மாமா என்றார். என் மேல் மாமாவுக்கு எவ்வளவு பாசம் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன்.

உண்மையில் வண்டியைக் கட்டியது அத்தை. மாமாவுக்குக் கம்பி சுற்றத் தெரியும், கட்டத் தெரியாது. அவர் கட்டிய முதல் அடித்தளம் பேட்டரி செல்களை வைத்ததும் நடுவில் தொய்ந்து 'படபட'வென்று பிரிந்துவிட்டது. அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு முறத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். காப்பிக்கொட்டை பொறுக்குகிற விரல்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, கட்டைகளை நிறம்வாரியாகவும் நீளம்வாரியாகவும் பிரித்துப் போட்டாள்.

"கொத்தனாரு செவுரு வெக்கறதப் பாத்ததில்லீங்களா? மூட்டு மேல மூட்டு வரப்படாதுங்க. மாத்தி மாத்தி வெச்சாத்தான் நிக்கும்," என்றாள். மாமாவிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்படியே மாற்றி மாற்றி வைத்தாள். வண்டி வளர்ந்தது. ஆட்டுக்குட்டி அளவுக்கு ஆகிவிட்டது. கார் என்று தொடங்கியதுதான், ஆனால் அத்தை கையில் அதன் மூக்கு நீண்டது, முகம் அகன்றது, மஞ்சள் நெற்றியில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. மாமா டார்ச் பல்பு இரண்டை முன்விளக்காக வைத்தார். முடிந்த அன்று அம்மா இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். எஸ்டேட் லாரியின் நெற்றியும் அதே மஞ்சள், அதே சிவப்புப் பட்டை.

சக்கரம்தான் சிக்கல். பழைய காரின் சக்கரம் இவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஹவாய் செருப்பு இருந்தால் வட்டமாக வெட்டி ஒட்டிச் செய்துவிடலாம் என்றார் மாமா. நான் என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அது சின்னது, ஒன்றும் தேறாது. அத்தை எழுந்து தன் அறைக்குப் போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. துடைத்து வைத்திருந்த அந்தச் செருப்பு ஜோடியைக் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தாள்.

மாமா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மழை வருகிறது, சீக்கிரம் வெட்டுங்கள் என்று நான் நச்சரித்தேன். "வெட்டுங்க," என்றாள் அத்தை. அவர் வெட்டினார். அழுந்திப்போன பெருவிரல் தடம் ஒரு சக்கரத்தில் அப்படியே இருந்தது. அப்பாவுக்கு இது பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஓடியது. ஐயோ, அது ஓடிய அழகு! ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது கைக் குச்சி முன்னும் பின்னும் போக, வலது கைக் குச்சி திருப்ப. முதல் நாளே நான் அதை வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் மோதிக் குடத்தை உருட்டினேன். என் மேல் தப்பில்லை. வண்டி என்னை விட்டுப் போகும்போது சொன்ன பேச்சைக் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது, இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போனது. மாமா சிரித்தார். வண்டி எதிரே வந்தால் கை மாறிவிடும், நீ வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டு என்றார். அதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பழகியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அத்தையை ஒரு தடவையாவது ஓட்டிப் பார் என்று ரிமோட்டை நீட்டினேன்.

"எனக்கெதுக்கு கண்ணு? ஓட்டறதெல்லாம் நீயே ஓட்டு," என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டியவள் கடைசிவரை ஓட்டவில்லை.

ஐப்பசி பிறந்தது. மூடுபனி இறங்கியது. ஒரு காலை நான் கூடத்தில் ராகிக்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தது. ரிமோட் அலமாரியின் மேல் தட்டில், அதன் செல்லை நானே கழற்றி வைத்திருந்தேன். திடீரென்று 'விர்ர்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு சாண் தூரம் முன்னால் வந்து நின்றது.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அம்மா கரண்டியும் கையுமாகச் சமையல்கட்டு வாசலில் நின்றாள். மறுபடியும் 'விர்ர்'. இன்னொரு சாண். அது அத்தையின் அறையைப் பார்த்து நின்றது. அத்தை தலை வாரிக்கொண்டே வெளியே வந்தவள் அதைப் பார்த்தாள். பயந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலை விட்டு ஒதுங்கி, சுவரோரம் நின்றாள். உள்ளே வருகிற ஆளுக்கு வழி விடுகிறாள் என்று எனக்குப் புரிந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

அதற்குப் பிறகு பனி மூடிய நாளில் எல்லாம் வந்தது. எப்போது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் நகரும், நிற்கும். சில நேரம் நின்ற இடத்திலேயே முன்சக்கரத்தை மட்டும் இடதும் வலதும் திருப்பும், வழி கேட்பது போல. எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பெண்கள் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தைக் கோத்து வண்டியின் முன்னால் கட்டினாள். இன்னொருத்தி சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, இது யார் செருப்பு என்று கேட்டாள்.  யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"செருப்பு நடக்குதுன்னா கால் அதுக்குள்ள இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்," என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

செருப்பு விஷயம் தெரிந்த அன்று அப்பா யாரையும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வண்டி முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, "ஏனுங்க மாப்பிள்ள," என்று மெதுவாகக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் கட்டை பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். காதில் விழுவதெல்லாம் ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான்.

ரேடியோ மாமா வந்து விளக்கம் சொன்னார். காட்டு இலாகா ஜீப்பில் வயர்லெஸ் செட் இருக்கிறது, அது ரோட்டில் போகும்போது பேசினால் இந்த வண்டிக்கும் கேட்கும், அதுதான் நகர்கிறது என்றார். அப்பா முழுதும் கேட்டுக்கொண்டார்.

"செரி. யாரோ பேசறாங்க, அது கேக்குது. அந்தப் பேசறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

 மாமா வண்டியின் செல்லைக் கழற்றிவிடலாம் என்று வாய் திறந்தார். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து மாமா வருவதும் குறைந்துபோயிற்று. அத்தை களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் பாதியை வைத்துவிடுவாள். பனி இறங்கினால் வண்டிக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு இரண்டு கன்னமும் ஒட்டிப்போயின. இப்படியே விட்டால் இவளும் ஒரு நாள் ரோட்டில் இறங்கி வளைவைத் தேடிப் போய்விடுவாள் என்று அம்மா அழுதாள். அன்று ராத்திரி நான் அத்தையின் முந்தானையை என் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு படுத்தேன்.

அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"ஏனுங்க, ஊடு தேடி வந்தவர என்ன ஏதுன்னு கேக்காம நிறுத்தி வெக்கறது நல்லாவா இருக்குது? பூ வெச்சு அவரையே கேட்டுப்புடலாமுங்க."

ஒருமுறை சாமி சொன்னதை மறுபடி கேட்பதா என்று அப்பா தயங்கினார். சாமியையா கேட்கிறோம், மாப்பிள்ளையைத்தானே கேட்கிறோம் என்றாள் அம்மா. பொட்டலம் கட்ட வேண்டாமா என்று அப்பா கேட்டார். எல்லாம் தெரிந்தவருக்குப் பொட்டலம் எதற்கு, திறந்தே வைப்போம் என்றாள். அம்மாவுக்கு எப்போதுமே பதில் தயாராக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ரேடியோ மாமாவை என்னவோ சாமான் வாங்க அம்மா காலையிலேயே சேலத்துக்கு அனுப்பிவிட்டாள். கரண்ட் இல்லை. பனி கூடம் முழுக்க நின்றது. அப்பா குளித்துவிட்டு வந்து, ரிமோட் யார் கைக்கும் எட்டக் கூடாது என்றார். அம்மா அதை எடுத்துத் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததை இத்தனை வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை.

வண்டியை வாசற்படிக்கு உள்ளே, வீட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். அப்பா முன்விளக்கைப் போட்டார். பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள். எதிர்ச்சுவரோரம் அத்தை, குளிர் நடுக்கத்தில் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு தட்டு. அவளுக்கு வலப்பக்கத் தட்டில் வெள்ளை நந்தியாவட்டை, இடப்பக்கத் தட்டில் சிவப்பு அரளி. நானும் அம்மாவும் ஒரு பக்கச் சுவரோரம், அப்பா மறுபக்கம்.

"மாப்பிள்ள," என்றார் அப்பா.  "எந் தங்கச்சி காத்திருந்தது போதுமுங்களா? போதும்னா வெள்ளப்பூ. இன்னும் இருக்கோணும்னா செவப்பு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

ஒன்றும் நடக்கவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. வெளியே எங்கேயோ ஒரு லாரி கியர் மாற்றி மேடேறியது. அந்தச் சத்தம் முழுதும் அடங்கிய பிறகு வண்டி 'விர்ர்' என்றது.

இந்தத் தடவை அது ஒரு சாணில் நிற்கவில்லை. எலுமிச்சம்பழம் ஆட, செருப்புச் சக்கரம் சிமெண்டுத் தரையில் 'சரக் சரக்' என்று ஒலிக்க, அத்தையைப் பார்த்து நேராக வந்தது. அது யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். லாரி மாமா அப்படித்தான் நடப்பார். நான் அம்மாவின் புடவையைக் கவ்விக்கொண்டேன். பாதிக் கூடம் தாண்டியதும் வண்டி ஒரு கணம் நின்றது. முன்சக்கரம் நடுங்கியது. பிறகு திரும்பி, மெல்லப் போய், வெள்ளைப் பூ வைத்த தட்டில் இடித்து நின்றது. பூக்கள் அத்தையின் மடியில் சிதறின.

அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பெரிய ஆள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அத்தை அழவில்லை. வாயைத் திறந்தபடி வண்டியைப் பார்த்தாள். வெளிறிப்போன முகம். சிவப்புத் தட்டைப் பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள். பேயைப் பார்த்தவள் முகம் என்றால் அதுதான். வெகுநேரம் கழித்து, கம்பளியோடு அப்படியே குனிந்து வண்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது. புருஷன் செத்துப்போனதற்கு அழுகிறாள் என்று நானும் அழுதேன்.

தை மாசம் சேர்வராயன் கோயிலிலேயே அத்தைக்கும் ரேடியோ மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. அப்பாவே முன்னால் நின்று செய்து வைத்தார். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மாமாவின் பெண்டாட்டி எப்படியும் அத்தைதானே, கூப்பிடுகிற முறைகூட மாறவில்லை. வண்டியை யாரும் தொடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது பனியில் நகரவும் இல்லை. செல் தீர்ந்திருக்கும் என்பார் மாமா. இன்றைக்குக் கேட்டாலும் காட்டு இலாகா ஜீப் என்றுதான் சாதிக்கிறார்.

போன வருஷம் சேலத்தில் ஒரு விசேஷம் முடிந்து அத்தையை என் காரில் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அத்தை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். விசேஷ வீடு என்றால் முன்வரிசையில்தான் உட்காருவாள். பாதி மலையில் பனி சூழ்ந்துகொண்டது. ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னாள். செருப்பை வண்டியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கி, தலையில் இருந்த மல்லிகையைக் கிள்ளித் தடுப்புச் சுவரில் வைத்தாள். வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"ரிமோட்டு எங்கிட்டதான் இருந்துச்சு கண்ணு. நீ பாக்காதப்ப உங்கம்மா பொட்டியத் தொறந்து எடுத்து, செல்லப் போட்டு, கம்பளியச் சுத்தி உடறப்பவே உள்ள குடுத்துட்டா. வெள்ளப் பக்கம் திருப்பிரு அம்மிணின்னு காதுல சொன்னா. நானும் செரின்னுதான் உக்காந்தேன். எனக்கும் ஆசதான், இல்லீங்கல."

நான் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது.

"ஆனா அது லைட்டப் போட்டுட்டு எதுக்கால வந்துச்சு பாரு, எனக்கு அவரு ஊட்டுக்கு வர்ற மாதிரியே இருந்துச்சு. செருப்புச் சத்தம் வேற. மனசு கேக்கல கண்ணு. என்ற வாயால அவரச் சாவடிக்கிறதா? எங்கியோ உசுரோட இருக்கட்டும், நான் இருந்துக்கறேன்னு செவப்புப் பக்கந்தான் தள்ளுனேன். இந்தக் கையால இடது பக்கந்தான் தள்ளுனேன். அது வெள்ளைக்குப் போயிருச்சு." கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அவரே என்னைய உட்டுட்டுப் போய்ட்டாரு. நொம்ப நல்ல மனுசன்."

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. வண்டி எதிரே வரும்போது கை மாறும் அத்தை என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. அம்மா சொன்னபடி வெள்ளைப் பக்கம் தள்ளியிருந்தால் அது நேராகச் சிவப்புத் தட்டில் போய் இடித்திருக்கும். அப்பா அதையே பிடித்துக்கொண்டிருப்பார், அத்தை இன்றைக்கும் லாரிச் சத்தத்துக்கு நின்றுகொண்டிருப்பாள். ஆசைப்பட்டுத் தள்ளியிருந்தால் கிடைத்திருக்காதது, விட்டுக்கொடுத்துத் தள்ளியதால் கிடைத்தது. நான் சொல்லவில்லை. "ஆமா அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அந்த மத்தியானம் கூடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அம்மா தன் சாமர்த்தியத்தைப் பார்த்தாள். அத்தை தன்னை விட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்தாள். எதிரே வருகிற வண்டிக்குக் கை மாறும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூடத்தில் நான்தான். கம்பளிக்குள் என்ன இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது.